இரண்டாம் ஆட்டக்காரரின் முறை

நிலவறையைக் காலி செய்யச் சொல்லி
வீட்டுக்காரர் கடிதம் போட்டிருந்தார்.
பூஞ்சணம் பிடித்த கம்பளம், சங்கிலி இல்லாத சைக்கிள்,
அவற்றுக்கு அடியில்
மஞ்சள் பாரித்த கணினி.
மற்றதெல்லாம் பார்மன் குப்பைக்கிடங்குக்குப் போயிற்று.
இதை மட்டும் மூன்று மாடி சுமந்தேன்,
ஏனென்று கேட்க வீட்டில் ஆளில்லை.

பொத்தானை அழுத்த
முதலில் ஒரு செருமல்.
பிறகு விசிறி.
பிறகு, நம்பமாட்டீர்கள், நட்சத்திரங்கள்.

கணினிச் சஞ்சிகையோடு இனாமாக வந்த விளையாட்டு.
முழுக்க ஜெர்மன்.
படையெடுப்பு, போர்நிறுத்தம், குடியேற்றம்
இந்தச் சொற்களை நான் அதில்தான் படித்தேன்.
கடைசிச் சொல் மட்டும்
அலுவலகக் கடிதங்களில் வேறு முகத்தோடு வந்தது.

கேதீஸுக்கு வெதுப்பகத்தில் இரவு வேலை.
எனக்கு முதியோர் இல்லச் சமையலறையில் பகல்.
ஒரு மெத்தை, அது ஆறியதே இல்லை.
ஒரு கதிரை, ஒரு திரை, இரண்டு பேரரசுகள்.
விடிய நான் என் முறையை ஆடிவிட்டுப் போவேன்.
மாவு படிந்த விரலோடு வந்து
அவன் தன்னுடையதை ஆடுவான்.
ஞாயிறு தவிர
நாங்கள் சந்தித்துக்கொண்டது விண்வெளியில்தான்.

கப்பலுக்குப் பெயர் வைக்கலாம்.
பன்னிரண்டு கட்டம், ஜெர்மன் எழுத்து, எங்கள் தமிழ்.
என் எல்லையில் வந்து நிற்கும் அவன் போர்க்கப்பல்:
'சோறு இருக்கு'.
பதிலுக்கு நான் ஒரு நாசகாரியை அனுப்புவேன்:
'உப்பு கூட'.
'குடை எடு'.
'வாடகை உன்ர'.
ஒருமுறை 'அம்மா அழுதா' வந்தது.
அதை நான் சுடவில்லை.
ஆறு சுற்று என் சந்திரனையே வலம்வந்தது.

பிறகு தொலைபேசிக் கட்டணம்.
முந்நூற்று நாற்பது மார்க்.
யார் பேசியது என்ற ஒற்றைக் கேள்வியில்
ஒரு ஞாயிறு முழுதும் எரிந்தது.
திங்கள் மாலை நான் வந்தபோது அவன் பை இல்லை.
மெத்தை குளிர்ந்திருந்தது.
லியோன் என்றார்கள், பிறகு ஹாரோ என்றார்கள்,
பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போகுமுன் தன் முறையை ஆடிவிட்டுத்தான் போயிருந்தான்.
என் தலைமைக் கோளை நோக்கி ஒரு சிவப்புப் புள்ளி.
அன்றிரவு எல்லாக் கோள்களுக்கும் ஒரே கட்டளை கொடுத்தேன்:
எது நெருங்கினாலும் சுடு.
சேமித்தேன். முறையை முடிக்காமலே மூடினேன்.

இருபத்தேழு வருடம்.
திரையில் ஒரு கணம்கூட நகரவில்லை.
என் குடிகள் அதே தொகை, அதே பசி.
அதே சிவப்புப் புள்ளி.
முறையை முடி என்கிறது. முடிக்கிறேன்.

சின்ன வெளிச்சம். பிறகு அறிக்கை.
அந்நியக் கப்பல் ஒன்று அழிக்கப்பட்டது.
ஆயுதம்: இல்லை.
பெயர்: 'ஃபோன் காசு'.

வெளியே தொங்குரயில்
வரிசையாய் மஞ்சள் சன்னல்களைச் சுமந்துகொண்டு
வுப்பர் ஆற்றின்மேல் போனது. அடுத்ததும் போனது.

பழைய இடத்துக்குத் திரும்ப ஒரு விசை உண்டு, ஒன்பதாவது.
திரும்பினேன். கட்டளையை எடுக்கத் தொடங்கினேன்,
ஒவ்வொரு கோளாக, பதினேழு கோள்,
சுட்டி வேறு ஒட்டிக்கொள்கிறது.
கப்பல் வந்து இறங்கியது.
சரக்கு: முந்நூற்று நாற்பது.
அவன் கஜானாவில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க
எனக்கு அனுமதி இல்லை.

கட்டணத்தாளில் இருந்த நீளமான எண்களில்
இரண்டு என்னுடையவை.
அன்று அதை நான் சொல்லவில்லை.

ஒரு கப்பல் கட்டினேன்.
பன்னிரண்டு கட்டத்தில் எழுதி அழித்து எழுதி
கடைசியில்
'சோறு இருக்கு'.

திரை கறுத்தது. எப்போதும் வரும் அந்த வரி:
இரண்டாம் ஆட்டக்காரரின் முறை.
முதலாமவர் எழுந்து அப்பால் திரும்பவும்.

எழுந்தேன்.
சன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன்,
எட்டிப்பார்க்காமல்.