பெயர்த் திருத்தம்

களியக்காவிளை மீன்சந்தைக்குப் பின்னால்
என் இ-சேவை மையம்.
கதவைத் திறந்தால் நெய்மீன் வாசம்
அடைத்தால் பிரிண்டர் சூடு.

முதல் டோக்கனுக்கு மூன்று பேர்.
தூத்தூர் சூசை,
பாறசாலை ஔசேப்பு,
தேங்காய்ப்பட்டணம் யூசுப்.
கூட்டாக ஒரு ஐஸ்வண்டி வாங்கக்
கடன் கேட்டுப் போயிருக்கிறார்கள்.
வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த வங்கி மேலாளர்
எங்கேயோ விசாரித்து
மூன்றும் ஒரே பெயர் என்று தெரிந்துகொண்டு
மூவரும் ஒரே ஆளோ என்று
சந்தேகப்பட்டுவிட்டாராம்.

"நான் வாங்குன கடன இவன் கட்டுவானாவேய்?"
என்கிறார் சூசை.
"கெட்டினா நல்லதல்லே" என்கிறார் ஔசேப்பு.
யூசுப் சிரிக்கவில்லை.
ரேஷன் கார்டில் அவர் யூசப்பு,
வாக்காளர் பட்டியலில் யேசுபு,
நிலவரி ரசீதில் வெறும் ஊசு.

"அண்ணன்மாரு அவர ஒரே கெணத்துலதான் போட்டாங்க மோளே,
தூக்குன கயிறுதான் வேற வேற" என்றார் பிறகு.
ஒரு கயிறு போர்ச்சுகீசியக் கப்பலில் வந்தது.
ஒன்று சுறியானி ஜெபத்தில்.
ஒன்று பாய்மரத்தில்,
குதிரைகளோடும் பேரீச்சையோடும்.
அர்த்தம் கேட்டார்கள், சொன்னேன்:
இறைவன் இன்னும் கூட்டித் தருவான்.
"வட்டியத்தானே?"
இது ஔசேப்பு.

பதினோராம் டோக்கன் ஒரு பையன். செரீப்.
ஆறாம் வகுப்பில் யாரோ
ரீயின் மேல்சுழியைக் கீழே இறக்கிவிட்டார்கள்.
வருகைப் பதிவேட்டில் செருப்பு.
பன்னிரண்டாம் வகுப்பு வரை
தினமும் காலையில்
"உள்ளேன் ஐயா" என்று அதற்குப் பதில் சொல்லியிருக்கிறான்.
இப்போது திருவனந்தபுரத்தில் கல்லூரி.
பஸ் இஞ்சிவிளை தாண்டினால்
பெயரின் பொருள் மேன்மகன்.
சனிக்கிழமை ஊர் திரும்பினால்
வாசலில் கழற்றிப் போடுவது.

திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்துக்கு
நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தான்.
கட்டம் முப்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
நான்கு பக்கத்தையும் படித்தேன்.
கடைசிப் பக்கத்தில் ஓர் இடத்தில் மை கலைந்திருந்தது.
'எழுத்துப்பிழை' என்று தட்டினேன்.

நான் மைமூன்.
பாக்கியம் பெற்றவள் என்று வாப்பா வைத்தது.
பிரசவ வார்டுக்கு வெளியே நின்று
யோசிக்காமல் சொன்னாராம்.
போன ரமலானில் ஓர் அத்தர் வியாபாரி
பார்சி தெரியும் என்று காட்டிக்கொள்ள,
அந்தப் பாஷையில் குரங்குக்கும் அதுதான் பெயர் என்றார்.
ஜவ்வாது வாங்காமல் அனுப்பிவிட்டேன்.
அன்றிரவு கண்ணாடி முன்னால்
கொஞ்ச நேரம் இளித்துப் பார்த்தேன்.
தலாக் முடிந்து இரண்டு வருடம்,
இந்த மையத்துக்கு ஒன்பது மாத வாடகை பாக்கி.
பாக்கிக்கும் பாக்கியத்துக்கும்
இரண்டே எழுத்துதான் வித்தியாசம்.

ஆதாரில் நான் மைமூண்.
மூன்று சுழி.
மாற்ற எனக்கே தெரியும்,
கட்டணமும் என் பெட்டிக்குள்தான் விழும்.
வரிசை நீளமாக இருக்கிறது.

கடன் கிடைத்துவிட்டது போலிருக்கிறது.
நேற்று சாயங்காலம் சந்தை முக்கில்
புது ஐஸ்வண்டி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது.
யூசுப் பின்னால் நின்று
பலகையில் தட்டித் தட்டி வழி சொல்கிறார்,
சூசை வளையம் பிடிக்கிறார்,
ஔசேப்பு யாரையோ திட்டுகிறார்.
வண்டியின் நெற்றியில் சிவப்பு பெயிண்டில்,
மேலே மலையாளம், கீழே தமிழ்:
அண்னன்மார்.
தண்ணீர் சொட்டிக்கொண்டே போகிறது.
திருத்தச் சொல்லி இதுவரை
யாரும் வரவில்லை.