இருபத்துமூன்று மான்கள்

கச்சேரி மதிலோரம், கம்பி வளைந்த குடையின் கீழ்
மனு எழுதுகிறேன். பக்கத்துக்கு நூற்றைம்பது.
வாசிப்பவர் கண் கலங்க வேண்டுமென்றால் இருநூறு.

திங்கள் காலை ஜெசிந்தா வந்தாள்,
டச்சுக்குடாப் பக்கம் பத்தடி நிலத்தில்
கீரையும் கொச்சிக்காயும் போட்டு
ஒரு பிடிகூடப் பிடுங்காதவள்.
"கோட்டை மானெல்லாம் இப்ப என்ர வேலிக்குள்ள.
நகரசபைக்கு ஒருக்கா நல்லா உறைக்க எழுதுங்கோ."
எத்தனை மான் என்றேன்.
"ஒரு இருபது வரும்."
இருபத்துமூன்று என்று எழுதினேன்.
இருபது என்றால் வாய்க்கு வந்த கணக்கு.
இருபத்துமூன்று என்றால்
விடியப்புறம் டோர்ச் லைட்டோடு நின்று
ஒருத்தி எண்ணியிருக்கிறாள்.

பிறகு வழமையான வேலைதான்.
ஐயாவின் கடமையுணர்வை முதல் வரியில் குளிப்பாட்டி,
அவர் மறுக்க முதலே மறுப்பை நானே எடுத்து
(வாயில்லாச் சீவன் என்பதை நாமும் அறிவோம்)
அதன் கொம்பை மெல்ல முறித்து,
இழப்புகள் மூன்று, மூன்றாவது ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாடு,
விடை தெரிந்த கேள்வி ஒன்று,
அதற்குக் கீழே ஒரு வரி வெறுமை.
நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் என்று முடித்தேன்.
ஜெசிந்தா வாசித்தாள்.
தன் கீரைக்காகத் தானே அழுதாள்.

புதன்கிழமை நளீர்.
அதே வீதி. ஆறு அறை விடுதி.
"மானெல்லாம் லொறியில ஏத்திக் காட்டுல விடப் போறாங்களாம்.
அதுகளப் பாக்கத்தான் வெளிநாட்டுக்காரன் வாறான்.
ஆர் இந்தக் கதையக் கிளப்பின?"
எனக்குத் தெரியாது என்று
பேனை மூடியைக் கடித்துக்கொண்டேன்.

இந்த முறை எண்ணவில்லை. ஒரேயொரு மான்.
இருபத்துமூன்று என்றால் பிரச்சினை,
ஒன்றென்றால் உயிர்.
இடது காது கிழிந்தது என்று எழுதினேன்,
பின்னால் ஒரு குட்டி, கால் இன்னும் ஊன்றாதது.
நாம் வருவதற்கு முன்பே இந்தக் கோட்டை யாருடையது?
கீழே ஒரு வரி வெறுமை.
முடிவுக்கு அவசரத்தில் வேறு எதுவும் வரவில்லை.
நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

வெள்ளி, நகரசபையிலிருந்து சுபாங்கி கோல் எடுத்தாள்.
"அக்கா, ரெண்டும் என்ர மேசையில கிடக்கு.
எந்த நெஞ்சில நான் கை வைக்கிற?"
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"நீங்கள் எந்தப் பக்கம், உண்மையா?"
மை காயாத பக்கம் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பதில்
நானே எழுதித் தரட்டாம்.
உரிய கவனம் செலுத்தப்படும்.
அதற்கு உத்தி ஒன்றும் வேண்டாம்.
அரைப் பக்கக் காசு.

பின்னேரம் குடையைச் சுருக்கிக்கொண்டு
கடற்கரையோரம் நடந்தேன்.
குப்பைத் தொட்டியடியில் மான் ஒன்று.
காது இரண்டும் முழுசு.
வாயில் லஞ்ச் சீற், குழம்பு வாசத்தோடு,
பாதி உள்ளே போய்விட்டது.
விடு என்றேன். விடம்மா என்றேன்.
உன்னைவிடக் கெட்டிக்கார மான்கள் விட்டிருக்கின்றன என்றேன்.
பார்த்துக்கொண்டே மென்றது.
நடுவில் நிறுத்தி மௌனமும் பிடித்துப் பார்த்தேன்.

கடைசியில் பையைத் திறந்து
காபன் பிரதி ஒன்றை நீட்டினேன்.
பொலித்தீனைத் துப்பிவிட்டுக் கடதாசியை வாங்கியது,
பெறுநர் விலாசத்திலிருந்து தொடங்கி
ஒழுங்காக, கையொப்பம் வரை.

எந்த மனு என்று நான் பார்க்கவில்லை.
காபன் மை வயிற்றுக்குக் கூடாதோ என்று
இரவு இரண்டு மணிக்கு எழும்பி யோசித்தேன்.