இருபத்திரண்டு சென்டிமீட்டர்

நவம்பரில் படுத்தேன்.
எப்போது எழுந்தாய் என்று கேட்காதீர்கள்,
அப்படி ஒரு தேதி இல்லை.

ஹீயுமா தீவில் குளிர்கால வெளிச்சம்
கடன்காரன் மாதிரி,
வாசல்வரை வந்து முகம் காட்டிப் போய்விடும்.
சமையலறை மூலையில்
உருளைக்கிழங்குச் சாக்கு இருட்டிலேயே முளைத்து
வெள்ளை விரல்களை வெளியே நீட்டியிருந்தது.
அதன்மேல் எனக்குப் பொறாமை.

தாலினிலிருந்து அக்கா கைரித் பேசுவாள்.
வெளியே போ விர்வே, நட,
மீன் எண்ணெய் குடி, யாரையாவது பார்.
சரி, என்பேன்.
சரி என்பது
கதவு சாத்தும் சத்தம்.

பிப்ரவரியில் கடல் உறைந்தது.
சாலைத்துறை வண்டியில் வந்து
தாவெத் ஹாரன் அடித்தான்.
பனிச்சாலை போட ஆள் போதவில்லையாம்,
துளையிட, அளக்க,
வழி தெரிய ஜூனிபர் கிளை நட.
மாட்டேன் என்று சொல்லத் தெம்பில்லை.
அதனால் போனேன்.

கடல்மேல் ஓட்டச் சில விதிகள் உண்டு.
பொழுது சாய்ந்தால் இறங்காதே.
நடுவில் நிறுத்தாதே.
இருக்கைப் பட்டியைப் போடாதே,
உடைந்தால் உடனே குதிக்க வேண்டும்.
நாற்பத்து மூன்று வருஷமாக
எல்லாப் பட்டிகளையும் இறுக்கியே போட்டவள் நான்.
கொக்கியை விடுவித்தபோது
விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

கரையோரம் முதல் துளை.
வெள்ளைத் தூள் வந்தது,
அப்புறம் சாம்பல் நிறத் தூள்,
அப்புறம் ஒன்றுமே வராமல் கருவி மட்டும் சுற்றியது.
சட்டென்று பிடி தளர்ந்தது.
கறுப்புத் தண்ணீர்
கிடுகிடுவென மேலேறியது.

நான் பின்வாங்கினேன்.

ஆனால் அது
விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே
வந்து நின்றுவிட்டது.
பொங்கவில்லை. வழியவில்லை.
லேசாக ஆடிக்கொண்டு
அங்கேயே இருந்தது.

இதற்குத்தானே
மூன்று மாதம் அசையாமல் கிடந்தேன்?
ஒரு துளை விழுந்தால் போதும்
மொத்தக் கடலும் வீட்டுக்குள் வந்துவிடும் என்று?

முட்டி போட்டு அழுதேன்.
கையுறையில் மூக்கைத் துடைத்து, மறுபடியும் அழுதேன்.
புகையிட்ட மீன் வைத்த ரொட்டியை மென்றபடி
தாவெத் கேட்டான்:
இருபத்தாறு என்று எழுதிக்கொள்ளவா?

எழுது, என்றேன்.

அதன்பிறகு தினமும் நோட்டில் இரண்டு எண்கள்.
ஒன்று கடலுடையது.
மற்றதற்கு அளவுகோல் கிடையாது,
காலையில் கண் திறந்ததும் தோன்றுவது.
சில நாள் முப்பது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு.
அந்த நான்கை அழிக்காமல் விட்டேன்.

மார்ச்சில் தெற்குக் காற்று.
நடுக்கடலில் அளந்தால் பத்தொன்பது.
இருபத்திரண்டுக்குக் கீழே போனால்
சாலை மூடப்பட்டது என்று பலகை வைக்க வேண்டும்.
வைத்தோம்.
லாரிக்காரர்கள் திட்டினார்கள், எங்களை, வானிலையை.
பனிப்பாளத்தைப் பார்த்து
போன வருஷம் நன்றாகத்தானே இருந்தாய் என்று
யாரும் கேட்கவில்லை.

அன்று இரவு நானே அக்காவை அழைத்தேன்.
இன்று பத்தொன்பது, என்றேன்.
என்னடி உளறுகிறாய்?
பாரம் தாங்காது. இன்று மூடியிருக்கிறேன்.
அவள் பக்கம் நீண்ட அமைதி.
மீன் எண்ணெய் பற்றிப் பேச்சே இல்லை.
நான் வரட்டுமா?
வா. ஆனால் எதையும் துடைக்காதே.

வந்தாள். படகில், வெறுங்கையோடு.
மூன்று நாள் சீட்டாடினோம்.
ஒரே ஒரு முறை அடுப்பைத் துடைத்தாள்,
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரலில் சாலை போய்விட்டது.
நாங்கள் நட்ட ஜூனிபர் கிளைகள்
வரிசை குலைந்து, ஸ்வீடன் பக்கமாக
அவசரமின்றி மிதந்தன.
சாக்கில் அழுகாதவற்றைப் பொறுக்கி
மண்ணில் வைத்தேன்.

மாத்திரை தொடர்கிறது.
ஹாப்ஸலு மருத்துவரிடம் மாதம் ஒரு தரம்,
அங்கே பெரும்பாலும் நான்தான் பேசுகிறேன்.
நவம்பர் எங்கும் போய்விடவில்லை,
வரும்.

துளைக்கருவியைத் துடைத்து எண்ணெய் போட்டுக்
கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.
துறையின் சொத்து அது.
தாவெத் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.