ஷட்டர்: ஓங்

தேவகுஞ்சரிக்கு வேலை
செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்.
லோரி ஏறும். எண் நடுங்கி நிற்கும்.
குலை இறக்கியபின் திரும்ப ஏறும்.
இரண்டையும் கழித்து
ரசீது கிழிப்பாள்.

பெயரிலேயே யானை இருக்கிறது,
வாத்தியமும் அப்படித்தான் வாய்க்கும் என்பான்
பிலவேந்திரன்.
அவள் உயரத்துக்கு மேல் ஒரு முழம்.
ஈப்போவில் மூடிய ஓட்டலொன்றின் கிடங்கிலிருந்து
கோழி லோரியில் பகாவுக்கு வந்த பாஸ் அது.
அதன் வயிற்றுக்குள்
ரொம்ப நாள் ஓர் இறகு கிடந்தது.
முதல் ஒத்திகையில் பறந்து வந்து
என் கோப்பியில் விழுந்தது.

நான் கல்யாண வீடியோக்காரன்.
ஓங் டயர் கடைக்கு மேல்மாடி.
முட்டை அட்டை ஒட்டிய சுவர்,
நான்கு மைக்; ஐந்தாவது இரவல்.
கெட்டிமேளம் எகிறும்போது
குமிழைத் தணிக்கத் தெரியும்.
அதற்கு மேல் எனக்குக் கல்வி இல்லை.
"அடியில இருக்கற சத்தத்த
யாருக்கா கேக்கப் போறா?" என்றேன்.
"கேக்க வேணாம். நின்னா தெரியணும்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.
யோங் மருந்துக்கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வருவார்,
பியானோக் கட்டைகளில் தைல வாசனை ஏறும்.
சாக்சபோன் நாணலை நாக்கில் நனைத்தபடியே
ஸுல் படியேறுவான், வணக்கம் சொல்ல
வாய் இருக்காது.
பிலவேந்திரன் பள்ளி வேன் ஓட்டுகிறவன்.
பிரஷ்ஷால் டிரம்மைத் தடவுவான்,
பின் இருக்கைகளில்
எல்லாப் பிள்ளைகளும் தூங்குவதுபோல.

வினை வந்தது மூன்றாம் உருப்படியில்.
அவள் தாழ்ந்த ஜி-யைச் சுண்டும்போதெல்லாம்
கீழே ஓங் கடை ஷட்டர்
கடகடவென்று கூடவே ஆடியது.
அந்த ஒரு சுரத்துக்கு மட்டும்.
எண்ணெய் விட்டோம். அட்டை சொருகினோம்.
பழைய டியூபை வெட்டி
இடுக்கெல்லாம் திணித்தோம்.
ஆடியது.
"சுரத்தை மாற்றலாமே" என்றார் யோங்.
அவள் விரலுக்குப் பிளாஸ்டர் சுற்றினாள்,
மெதுவாக, ரொம்ப மெதுவாக.
யோங் அதன்பிறகு அதைச் சொல்லவில்லை.

ஓங் வந்தார்.
அரைக்கால் சட்டை, கையில் ஆடும்
கோப்பிப் பொட்டலம்.
"என்னாடா, என் கடைய ஒடைக்கிறீங்களா?"
தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்,
எங்கள் யாரைவிடவும் சுத்தம்.
கேட்டார். தலையாட்டினார். இறங்கிப் போனார்.
ஷட்டரில் முதுகைச் சாய்த்து
இரண்டு கையையும் விரித்து
நின்றார்.

ஆறு நிமிடம் நாற்பது வினாடி.
சன்னல் வழியே எனக்குத் தெரிந்தது
வழுக்கையும் பத்து விரல்களும்தான்.
எதிர்க்கடைப் பையன் என்னமோ கேட்டான்.
ஓங் பதில் சொல்லவில்லை.
ஸுல் கடைசி மூச்சை விட்டபின்பும்
அப்படியே நின்றார்.
முடிந்துவிட்டது என்று
நான்தான் போய்ச் சொன்னேன்.

"முதுகுல லோரி ஏறி இறங்கிச்சி" என்றார்.
தேவகுஞ்சரி கேட்டாள்:
"எத்தன டன்?"

ஆல்பத்துக்குப் பெயர் நிகர எடை.
முந்நூறு பிரதி.
அட்டையின் பின்புறம் நான்கு பெயர், வாத்தியங்கள்.
ஒலிப்பதிவு என்று என் பெயர்,
ஓர் எழுத்து பிழையாக.
அடியில், சின்னதாக:
ஷட்டர்: ஓங்.
அவரிடம் அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை.
டயர் கம்பெனி நாட்காட்டிக்குப் பக்கத்தில்
ஆணியில் மாட்டியிருக்கிறார்.
என்ன வாசிச்சீங்க என்று கேட்பவர்களிடம்
நட்டு முடுக்கிக்கொண்டே சொல்கிறார்:
"ஒண்ணும் கேக்காதே?
அது நான்தான்."

போன வாரம் சிரம்பானில் ஒரு கல்யாணம்.
மண்டபத்து ஒலிபெருக்கியைச் சோதிக்க
மூன்றாம் உருப்படியைப் போட்டேன்.
நாற்காலிகள் காலி. மாவிலை கட்டும் இருவர்.
ஜி வந்தது.
எங்கோ ஒன்று கிணுகிணுத்தது.
மேடையைச் சுற்றி, குனிந்து, தேடி,
சீர்வரிசையில் ஒரு வெள்ளித்தட்டைக் கண்டேன்.

அதன்மேல் கை வைத்தேன்.