சாணும் முழமும்

கெய்யோன் துறைமுகத்தில் மூன்றாம் நாளாக மழை.
ரத்த அழுத்தம் பார்க்க வந்திருக்கிறாள் மரிட்சா ஓயார்சூன்.
வயது நாற்பத்தொன்று. சால்மன் ஆலையில் இரவு ஷிப்ட்.
எந்தச் சோப்புக்கும் போகாத மீன்வாடைக்கு
மன்னிப்புக் கேட்பதுபோல்
கைகளை மடிக்குள் ஒளித்துக்கொள்கிறாள்.

ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.
நான்கை அழுத்தமானி தின்றுவிட்டது.
திரையில் ஒரு கட்டம்:
எச்.பி.வி. தடுப்பூசி பற்றிப் பேசியாயிற்றா?
பேசாமலே டிக் போட்ட நாட்கள்
எனக்கு உண்டு, நிறையவே.

இன்று பேசினேன்.

"அதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு.
மகளுக்கு நான்காம் வகுப்பிலேயே போட்டார்கள்.
எனக்கு வெள்ளம் தலைக்கு மேல் போயாச்சு."
சிரித்தாள்.

தலைக்கு மேல் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பார்கள்.
என் பிழைப்பே
அந்தச் சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்தான்.

சொன்னேன்:
ஒரு வகை உள்ளே வந்து போயிருக்கலாம்,
எல்லா வகையும் வந்திருக்காது.
வந்ததை ஊசி விரட்டாது.
வராததற்குக் கதவைச் சாத்தும்.
பதினொரு வயதில் சாத்துவதுபோல் அல்ல,
கொஞ்சம் காற்று நுழையும்.
போட்டாலும் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும்.
யாரிடமிருந்து வந்தது என்று கிளறாதே,
வருடக்கணக்கில் வாய் திறக்காத வைரஸ் அது.

தகரக் கூரையில் மழை.
கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"ஒருத்தர் இருக்கிறார்.
படகு எஞ்சின் பழுது பார்ப்பவர்.
மார்ச்சிலிருந்து.
மகளுக்குத் தெரியாது."

அதற்குத் திரையில் கட்டம் இல்லை.

விலை கேட்டாள்.
பிள்ளைகளுக்கு இலவசம், உனக்கு இல்லை என்று
சொல்லும்போது மேசையைப் பார்த்தேன்.
அவள் கூரையைப் பார்த்தாள்,
உதடு அசைய, பெசோவை மீனாக மாற்றிக்கொண்டு.
"மூன்று ஊசி.
பத்தொன்பது இரவு முள் பிடுங்கணும்."

பிறகு, எழுந்தபடியே,
"நீங்கள் போட்டுக்கொண்டீர்களா, சென்யோரா இங்க்ரிட்?"

எனக்கு நாற்பத்து நான்கு.
இருபது வருடமாக இதே நாற்காலி,
இதே பக்கம்.

"இல்லை."

"ஏன்?"

வயது, வாய்ப்பு, சதவீதம் எல்லாம்
நாக்கு நுனியில் இருந்தன.
"யாரும் கேட்கவில்லை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
துண்டுச் சீட்டை நான்காக மடித்து
ரப்பர் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு,
"யோசிக்கிறேன்" என்றாள்.
என்னைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா.

திரை இரண்டே விடை ஏற்கும்:
சம்மதம். மறுப்பு.
எதையும் தொடவில்லை.
கட்டம் சிவந்து துடித்தது.

நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு.
அதை மட்டும் எழுதினேன்.
வெளியே அடுத்தவள் இருமினாள்.