வாயைத் திற

தேசம்மாவுக்கு அரைநாள் கூலி ஆயிரத்து இருநூறு.
படகு கிடையாது.
இடுப்புக்கு மேல் ஏறாத தண்ணிக்குப்
படகு எதுக்கு என்கிறாள்.
ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரி தொடங்கும் இடத்தில்
செருப்பைக் கழற்றிக் கல்லுக்கடியில் செருகிவிட்டு
முன்னால் நடக்கிறாள்.

நான் கும்மிடிப்பூண்டியில் பல் டாக்டர்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பன்னிரண்டாயிரம் ரூபாய்த் தூண்டிலோடு
வேறு ஆள்.

அவள் மீனைக் கண்ணால் தேடுவதில்லை.
உள்ளங்கால் பார்த்துச் சொல்கிறது.
'இது மணலு. இது சேறு.
இது ராத்திரி நண்டு கிளறினது.
இங்க ஆளி கிடக்கு, காலத் தூக்கி வை.'
அவள் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.
ரப்பர் ஷூவைக் கிழித்து
குதிகாலிலிருந்து ஒரு சிவப்பு நூல்
தண்ணீரில் பிரிந்து போயிற்று.
திரும்பிப் பார்த்தாள். நின்றாள் இல்லை.

கழிகள் வரிசையாய் நட்டிருந்த இடத்தில்
கையைக் குறுக்கே நீட்டினாள்.
'அது அவங்க பாடு. இன்னிக்கி அவங்க முறை.
உன் முள்ளு அங்க விழுந்தா
பஞ்சாயத்துல நிக்கப்போறது நானு.'

பையில் போன் சிணுங்கியது.
ஆந்திரப் பிரதேசம் உங்களை வரவேற்கிறதாம்.
இரண்டடி பின்னால் வைத்தேன்,
மூன்றடி முன்னால் வைத்தேன்,
ஒரு கோடும் தட்டுப்படவில்லை.
'எந்த ஊரு தண்ணி இது?' என்றேன்.
'முட்டிக்காலு தண்ணி' என்றாள்.

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
வெயில் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது.
நடுவில் ஒருதரம் பொம்மை மீனை
என் தொப்பியிலேயே மாட்டிக்கொண்டேன்.
அவள் சிரிக்கவில்லை, எடுத்துவிட்டாள்.

'அக்கட.'
குரலைத் தாழ்த்தும்போது அவளுக்குத் தெலுங்கு வரும்.
மோவாய் காட்டிய திக்கில்
மடவைக் குஞ்சுகள் ஒரு கைப்பிடி அரிசியாய்
மேலே தெறித்தன.
கீழே ஏதோ புரண்டு படுத்தது.
முதல் வீச்சு குட்டை. இரண்டாவது காற்றோடு போனது.
மூன்றாவது விழுந்த இடத்தில்
தண்ணீர் கதவைச் சாத்துவதுபோல் ஒரு சத்தம்.
ரீல் அலறியது, அல்லது நான்.
'ஆளிக்கு விடாத! ஆளிக்கு விடாத, நூல அறுத்துடும்!'
நானும் அதுவும் ஒரே சேற்றில் இழுபட்டு
கடைசியில் அவள் கை செவுளுக்குள் நுழைந்தது.

செப்பிலி.
முதுகு செங்கல், வயிறு தேய்த்த செம்பு.
மேல்தாடையில் கோரைப்பல் ஒன்று பாதியில் முறிந்து,
அதன் பக்கத்தில் யாருடையதோ பழைய முள்,
துருவேறி, சதை மூடி.
'வாயைத் திற' என்றேன்.
திறந்துதான் இருந்தது. பழக்கதோஷம்.
குறடால் பிடித்து, ஒரு திருகு, வந்துவிட்டது.
மரத்துப்போக ஊசி போடாமல்
நான் பிடுங்கியது இது ஒன்றுதான்.

'இத விட்டுடலாம்' என்றேன்
பெரிய மனசுக்காரன் குரலில்.
தேசம்மா என்னை முழுசாய் ஒருதரம் பார்த்தாள்.
'விடறதுன்னா என் கூடையில விடு.
கிலோ ஐந்நூறு. கூலியில கழிச்சுக்கலாம்.'

நான் யோசித்தேன்.
செவுள் திறந்து மூடியது, திறந்து மூடியது.
கூடையில் விட்டேன்.

சும்மா நடந்து திரும்ப அவளுக்குத் தெரியாது.
இரண்டு கையும் சேற்றுக்குள் இறால் துழாவ,
கூடையின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.
அப்போதுதான் கவனித்தேன்:
முன்பற்கள் இரண்டிலும் ஒரே பிறை.
பனையோலை அறுத்த பள்ளம்
விளிம்புக்கு அளவெடுத்ததுபோல்.
இரண்டு கேப், ஒன்பதாயிரம் ஆகும்,
நாக்கு நுனிவரை வந்தது.
வாயில் கூடை இருப்பவளிடம்
பேசி என்ன ஆகப்போகிறது.
கரைவரைக்கும் மீனின் வால்
அவள் தாடையில் அடித்துக்கொண்டே வந்தது.

கையால் தூக்கிப் பார்த்து ஒன்றரைக் கிலோ என்றாள்.
எழுநூற்று ஐம்பது போக மீதி நானூற்று ஐம்பது.
ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இல்லை.
'அம்பது ரூபா வர வாரம் தரேன்' என்று
கல்லைப் புரட்டிச் செருப்பை எடுத்தாள்.

வர வேண்டும்.
அந்தப் பிறையை நான் அடைத்துவிட்டால்
கூடை எங்கே நிற்கும் என்று
அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.
சட்டைப் பையில் துருப்பிடித்த முள்
தொடையைக் குத்துகிறது.