மூலக்கரை

டம்ளரைத் தூக்கிக் காட்டினால்
வாய் திறக்கும், நாக்கு எழும்பும்,
அப்புறம் "டிக்கெட்" என்பார்.
சீப்பும் டிக்கெட். சோறும் டிக்கெட்.
பதினெட்டு வருஷம் சொன்ன ஒரு சொல்
மற்ற எல்லாச் சொல்லின் ஸீட்டிலும்
துண்டு போட்டு உட்கார்ந்துகொண்டது.

கடைசி டிரிப் முடித்து
டூவீலரில் வந்த ராத்திரி அது.
ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது.
அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

பெரியாஸ்பத்திரியில் படத்தை ஜன்னல் பக்கம் பிடித்து
இடது பக்கம் ஒரு கறுப்பைக் காட்டினார்கள்.
இரண்டு ரூபாய்க் காசளவு.
"நீங்க பேசுறது பெரும்பாலும் புரியும்மா.
சொல்லத்தான் வராது."
அதை நான் நம்ப நாலு மாசம் ஆனது.
அதுவரை செவிடரிடம் பேசுவதுபோலக்
கத்திக்கொண்டிருந்தேன்.
என் கொழுந்தன் இன்னும் கத்துகிறான்.

செவ்வாய்தோறும் பேச்சுப் பயிற்சி.
பானு மேடம் அட்டையை நீட்டுவார்: யானை, குடை, பூட்டு.
யானையைப் பார்த்து இவர் நெஞ்சில் தட்டுவார்,
தெரியும், தெரியும், உள்ளே இருக்கு என்று.
உள்ளே இருப்பதை எடுக்கத்தான் கை நீளவில்லை.

வெளியே பெஞ்சில் ரஹ்மத்தும் அவள் மகன் அபுதாகிரும்.
ஒன்பது வயசு. பிறந்ததும் அழ நேரமாகிவிட்டதாம்.
"அண்ணனுக்குத் திரும்பி வரணும்,
இவனுக்கு முதல்லயே வரணும்" என்றாள்.
எது லேசு என்று நான் கேட்கவில்லை,
அவளும் கேட்கவில்லை.
இவர் ஓ.பி. சீட்டைப் பட்டென்று கிழித்து
பயலிடம் நீட்டினார். பழைய ஸ்டைலில்,
இரண்டு விரல் இடுக்கில்.
அவன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.
நாங்கள் மறுபடி வரிசையில் நின்றோம்.

கார்டு வந்தது: அறுபத்தைந்து சதவீதம்.
மீதி முப்பத்தைந்தில்
என்னவெல்லாம் இருக்கிறது என்று எழுதவில்லை.

ஒருநாள் மேடம் எண்ணச் சொன்னார்.
ஒன்று ரெண்டு மூன்று என்று
கடகடவென்று பதினாலு வரை போனார்.
ஏழு மட்டும் சொல்லுங்க என்றால் வரவில்லை.
ஒன்றில் ஏறித்தான் ஏழில் இறங்க முடிந்தது.
"இது வேற ரோடும்மா. சொல்லிச் சொல்லித் தேய்ஞ்ச ரோடு.
அங்க அடிபடலை."

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல்,
"பெரியார்" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
கிரைம் பிராஞ்ச் ஆண்டாள்புரம் வசந்த நகர்
பழங்காநத்தம் பைக்காரா பசுமலை மூலக்கரை
திருநகர் என்று
திருமங்கலம் வரை நிற்காமல் போனது வண்டி,
அதே குரல், அதே கரகரப்பு,
பையில் சில்லறைச் சத்தம் ஒன்றுதான் பாக்கி.
நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
அடுத்த நிமிஷம் தண்ணீரைக் கைகாட்டி
"டிக்கெட்" என்றார்.

என் பெயர் எந்த ரூட்டிலும் கிடையாது.

ஆவணியில், கரண்ட் போன ராத்திரி,
இருட்டில் கை துழாவி
உதட்டுக்குள் ஆரம்பித்தார்.
பெரியார்... கிரைம் பிராஞ்ச்...
தூக்கம் வராமல் சொல்கிறார் என்று நினைத்தேன்.
பசுமலை.
மூலக்கரை.
அங்கேயே நின்றுவிட்டார். திருநகர் வரவில்லை.

ஆறு ஐம்பது வண்டிக்கு நான் ஏறும் ஸ்டாப் அது,
கப்பலூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன காலத்தில்.
ஐந்து ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று
தினமும் பொய் சொல்லி
பாக்கியை மறுநாளுக்கு இழுத்தவர் இவர்.

"மூலக்கரை" என்றார் மறுபடி,
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

வீட்டில் சொல்லும் புதுச் சொல்லை நோட்டில் எழுதி,
சரியா தவறா, கட்டத்தில் டிக் போடணும்.
எழுதினேன்.
கட்டத்தை விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் நான் அடுப்படியில் நிற்கும்போது
ஹாலிலிருந்து "பெரியார்" என்று கேட்டால்
அடுப்பைக் குறைத்து வைக்கிறேன்.
ஏழு ஸ்டாப் இருக்கிறது.
வரட்டும்.